ரேழியில் மோடம், உள்ளறையில் பழைய பிஎஸ்4: ஆயிரம் ரூபாய்க்குள் வைஃபை கிடைக்குமா?

கேள்வி இது: மன்னார்குடிப் பக்கம் பழைய ஓட்டு வீடு. ஃபைபர் மோடம் வாசல் ரேழியில் இருக்கிறது. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோலை செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கூடம் தாண்டிய உள்ளறையில் டிவியோடு வைத்திருக்கிறார்கள். போனில் நெட் ஓரளவு வருகிறது; பிஎஸ்4-இல் சில நேரம் வைஃபை பெயரே தெரிவதில்லை, தெரிந்தாலும் ஆட்டத்தின் நடுவில் அறுந்துவிடுகிறது. 350 ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் மாட்டினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும்.

டாங்கிளை வாங்காதீர்கள். கணினியில் அது வேலை செய்யக் காரணம், அதற்குரிய டிரைவர் மென்பொருளை நாம் ஏற்ற முடிகிறது அல்லது விண்டோஸிலேயே அது இருக்கிறது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் போன்றவற்றில் வெளி டிரைவர் ஏற்ற வழியே இல்லை. டாங்கிளைச் செருகினால் அதன் விளக்கு எரியலாம், அதோடு சரி. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் நெட்டைக் கொடுக்கும் டெதரிங்கும் இதே காரணத்தால் நடக்காது.

உங்கள் கன்சோல் பெட்டிக்குள் வைஃபை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் எந்த வைஃபை என்பதைப் பாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் சியூஎச்-10, 11, 12 என்று தொடங்கினால் அது 2013-இல் வந்த முதல் வடிவம். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 2016-இல் வந்த ஸ்லிம் சியூஎச்-20, 21, 22 என்றும், புரோ சியூஎச்-70, 71, 72 என்றும் தொடங்கும். அவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸும் தெரியும். இப்போது கேபிள்காரர்கள் மாட்டும் இரட்டை அலைவரிசை மோடத்தில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் பெயர் வைத்து, 2.4-ஐ அணைத்து வைத்திருந்தால் போனுக்குப் பெயர் தெரியும், பழைய பிஎஸ்4-க்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் குழப்பம் வரலாம். பிரௌசரில் மோடத்தின் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) அடித்து, அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து 2.4-ஐத் திறந்து, அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள்.

நுழைகிற இடத்திலேயே இன்னும் மூன்று விஷயத்தைச் சரிசெய்துவிடலாம். சேனல் (அலைவரிசைக்குள் இருக்கும் உட்பிரிவு) ‘ஆட்டோ’வில் இருந்தால் 1, 6, 11 மூன்றில் ஒன்றைக் கையால் வையுங்கள். நம் நாட்டில் 13 வரை அனுமதி உண்டு என்பதால் மோடம் தானாக 12, 13-க்குப் போய் உட்காரலாம். வெளிநாட்டிலிருந்து வந்து கைமாறிய பெட்டிகளில் சில அந்தச் சேனல்களைக் காண்பதில்லை. பெயர் ‘சில நேரம் தெரிகிறது, சில நேரம் தெரியவில்லை’ என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் தெருவில் நாலு வீட்டு வைஃபை முட்டிக்கொள்ளும் இடத்தில் இணைப்பு நிலையாக நிற்கும். பாதுகாப்பில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். பழைய கன்சோல்கள் டபிள்யூபிஏ3 அறியாதவை. பிஎஸ்3 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதல்: அது பி, ஜி (b, g) என்ற பழைய வகை வைஃபை மட்டுமே பேசும். மோடத்தில் அடுத்த வகையான ‘என் (n) மட்டும்’ என்று வைத்திருந்தால் ஒட்டவே ஒட்டாது. பி/ஜி/என் கலவையாக வைக்க வேண்டும்.

இவ்வளவும் காசில்லாத வேலை. இதன் பிறகும் அறுந்தால், குறை பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கிறது.

எதையும் வாங்குமுன் அளந்து பாருங்கள். போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கி, 2.4 பெயரோடு இணைந்து, பிஎஸ்4 இருக்கும் இடத்திலேயே, அது இருக்கும் உயரத்திலேயே போனை வைத்துப் படியுங்கள். சிக்னலின் பலத்தைக் காட்ட டிபிஎம் என்று கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். –50 என்றால் அருமை. –65 வரை ஆன்லைன் ஆட்டத்துக்குத் தாராளம். –70-ஐத் தாண்டினால் தடுமாறும். –80-இல் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. இந்த அளவில் 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். ஒன்றரை அடிக் கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவரை ஒன்றுக்கு மேல் கடந்தால் எண் எப்படிச் சரியும் என்பதை நடந்துகொண்டே பார்க்கலாம். ரேழியிலிருந்து உள்ளறை வரை ஒவ்வொரு நிலைவாசலிலும் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரில் சரிகிறது என்பது தெரிந்துவிடும். பணம் அந்த ஒரு சுவரைக் கடக்கத்தான் போக வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பிங், அதாவது ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம், பார்க்கும் செயலியில் முதலில் மோடத்தின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, ஒரு நிமிடம் பிங் செய்யுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து மில்லிசெகண்டுக்குள் சீராக வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. 5, 8, 140, 6, 300 என்று குதித்தால் வைஃபை தான் காரணம். மோடத்துக்குச் சீராக இருந்து, வெளியே 8.8.8.8-க்கு (கூகுளின் பொது முகவரி) மட்டும் குதித்தால், அதுவும் இரவு ஏழிலிருந்து பத்து மணிக்குள் மட்டும் குதித்தால், கேபிள்காரரின் பக்கத்தில் நெரிசல். அதற்கு நீங்கள் எந்தப் பெட்டி வாங்கினாலும் தீராது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கி ஏமாந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

இனி சுவருக்கு வைத்தியம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு சௌகரியம் உண்டு: வாசலில் நின்றால் கொல்லை தெரியும். ரேழிக் கதவு, முற்றம், கூடத்துக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். ரேடியோ அலைக்கு அந்தக் கோடு ராஜபாட்டை. கேபிள்காரர் மோடத்தைப் பெரும்பாலும் வாசல் சுவரின் மூலையில், மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு ஒயர் மிச்சம். அதை நாலடி நகர்த்தி, கதவுகளின் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்தில் வைத்தாலே எண் –78-லிருந்து –68-க்கு வருவதற்கு வாய்ப்பு உண்டு. உள்ளறையில் பிஎஸ்4-ஐ டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டில் வைக்காதீர்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்கவே கூடாது. பிஎஸ்4-இல் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் அதன் யூஎஸ்பி 3 கேபிளே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கக்கும். மலிவான கேபிளில் இது அதிகம். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அப்போது வைஃபை நிலைத்தால் கவசம் நன்றாக உள்ள குட்டைக் கேபிள் போட்டு, டிஸ்க்கைப் பெட்டியை விட்டு ஓரடி தள்ளி வையுங்கள்.

நாலடி போதாது, கூடத்துக்கே மோடம் வர வேண்டும் என்றால் அதையும் செய்யலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. ஃபைபர் எவ்வளவு நீளமானாலும் வீட்டு அளவில் சக்தி இழப்பு பொருட்டே இல்லை. கேபிள்காரரிடம் உள்ளே இழுத்துத் தரச் சொன்னால் ஒயருக்கும் கூலிக்குமாகச் சில நூறு ரூபாய் கேட்பார். அல்லது இருக்கும் முனையில் ஓர் இணைப்பி வைத்து, 15 மீட்டர் பேட்ச் கார்டு (இரு முனையும் தயாராக வரும் ஃபைபர் ஒயர்) போடலாம். ஒன்றே ஒன்று கவனம்: உங்கள் மோடத்தின் ஃபைபர் முனை பச்சையா நீலமா என்று பார்த்து அதே நிறத்தில் வாங்குங்கள். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. இரண்டையும் கலந்து சொருகினால் ஒளி சரியாகக் கடக்காது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் (வந்துசேரும் ஒளியின் பலம்) என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். –8-க்கும் –25-க்கும் இடையில் இருந்தால் நல்லது; –27-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். ஃபைபரைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள், ஆணியில் கூர்மையாக மடக்காதீர்கள், கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால்தான் ஆபத்து.

மோடம் நகராது, ஆனால் ஒயர் இழுக்கலாம் என்றால் அதைவிட நல்ல வழி இல்லை. ஆன்லைன் ஆட்டத்துக்கு வைஃபையைவிட லேன் கேபிள் எப்போதும் மேல். ரேழியிலிருந்து உள்ளறைக்குச் சுற்றி வரும் தூரம் 45 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 14 மீட்டர். இறக்கத்துக்கும் மிச்சத்துக்கும் சேர்த்து 18 மீட்டர் வாங்கினால், நல்ல கேட்6 வகை லேன் கேபிள் மீட்டர் 20-லிருந்து 25 ரூபாய் விலையில் 450-க்குள் அடங்கும். கேபிளின் முனைகளுக்கு இரண்டு ஆர்ஜே-45 கிளிப், ஒரு பாக்கெட் ஆணி கிளிப் சேர்த்தால் 500-ஐ ஒட்டி வரும். கிளிப்பை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி வாங்கத் தேவையில்லை. சிசிடிவி மாட்டுகிறவரிடம் நீளம் சொன்னால் இரு முனையும் அடித்துத் தருவார்.

மீட்டர் 8 ரூபாய் என்று ஒரு கேபிள் காட்டுவார்கள். அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். 18 மீட்டரில் அதுவும் ஓடும். ஆனால் மடங்கிய இடத்தில் சுலபமாக முறியும், கிளிப்பில் பிடி தளரும். கடலோரத்தில், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம், உப்புக் காற்றில் சீக்கிரமே பொடிந்துவிடும்.

முனையை நீங்களே அடிப்பதாக இருந்தால் வரிசை இது, கிளிப்பின் கொக்கி கீழே, தங்கப் பற்கள் மேலே, ஒயர் நுழையும் வாய் உங்கள் பக்கம், இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையும் ஒரே வரிசை. தவறு பெரும்பாலும் நடக்கும் இடம் பச்சைதான். பச்சையும் வெள்ளைப் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று கை தானாகப் போகும். 3, 6 என்ற இரண்டு இடங்களுக்கும் ஒரே முறுக்கின் இரண்டு இழைகள் போக வேண்டும், அதனால்தான் நடுவில் நீலம் நுழைகிறது. இழைகளைச் சரியாக நறுக்கி, வெளி உறையும் கிளிப்புக்குள் அரை இன்ச் போன பிறகு அழுத்துங்கள். உறை வெளியே நின்றால் இரண்டு மாதத்தில் ஒரு இழை கழன்றுவிடும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6-ஆம் இழைகள் நான்கு போதும் என்பதால் மற்றவற்றில் ஒன்று போனாலும் நெட் ஓடும், வேகம் மட்டும் 1000-லிருந்து 100-க்கு இறங்கியிருக்கும். உங்கள் திட்டம் 30, 50 எம்பிபிஎஸ் என்றால் அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

ஓட்டு வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. சுவர்த் தலைக்கும் ஓட்டுச் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும் சந்து இருக்கும். ஒயரை அதன் வழியே உத்திரத்தை ஒட்டி இழுத்துவிடலாம். ஆனால் அங்கே எலி ஓடும். அறுப்பு முடிந்து வயலில் ஒன்றும் இல்லாத மாதங்களில் வீட்டுக்குள் ஏறும் எலிக்கு ஒயர் உறை நல்ல பல்பயிற்சி. முக்கால் இன்ச் பிவிசி பைப், பத்தடி நீளத்தில் நாலைந்து வாங்கி, அதற்குள் ஒயரை விடுங்கள். முற்றத்தைத் தாழ்வாரம் வழியே சுற்றிக் கொண்டுபோங்கள். திறந்த வெயிலில் சாதாரண லேன் உறை ஓரிரு வருடத்தில் வெடித்துவிடும். மின்சார ஒயர் போகும் அதே பைப்பில் லேனை விடாதீர்கள்.

பிஎஸ்4-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், செட் அப் இன்டர்நெட் கனெக்‌ஷன், யூஸ் லேன் கேபிள், ஈஸி. முடிந்தது.

ஒயரே ஆகாது, வாடகை வீடு, வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார் என்பவர்களுக்கு மூன்றாவது வழி: கன்சோலின் லேன் துளைக்கு வெளியிலிருந்து ஒரு வைஃபை காது பொருத்துவது. கன்சோலைப் பொறுத்தவரை அது லேன் கேபிள், டிரைவர் பிரச்சினை இல்லை. 2005-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வைஃபையே கிடையாது. மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற அடாப்டர் இன்று கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை குத்தும். அதற்கும் இந்த வழிதான் மலிவு. (அந்தப் பெட்டிக்கான ஆன்லைன் ஆட்டக் கடையை 2024 ஜூலை 29-இல் மூடிவிட்டார்கள் என்பதையும் வாங்குமுன் நினைவில் வையுங்கள், புதிதாக ஆட்டம் எதையும் அதில் வாங்க முடியாது.)

இந்தக் காதாக உள்ளங்கை அளவு நானோ ரூட்டரை வைக்கலாம். டிபி-லிங்க் டபிள்யூஆர்802என் ஓர் உதாரணம். புதிது ஆயிரத்தைத் தாண்டும், செகண்ட் ஹேண்டில் குறைவாகக் கிடைக்கலாம். கிளையன்ட் மோடு (வைஃபையில் வாங்கி லேன் துளையில் கொடுப்பது) என்ற வசதி இருக்கிறதா என்பது மட்டுமே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பொருத்துவது இப்படி. 5 வோல்ட் 1 ஆம்பியர் போன் சார்ஜரில் மின்சாரம் கொடுங்கள். பிஎஸ்4-இன் யூஎஸ்பியிலும் ஓடும், ஆனால் பெட்டியை அணைக்கும்போதெல்லாம் அதுவும் அணைந்து, மறுபடி எழுந்து இணைய ஒரு நிமிடம் தின்னும். அடியில் ஒட்டிய லேபிளில் அதன் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். போனிலிருந்து அதில் சேர்ந்து, பிரௌசரில் அந்த லேபிளில் உள்ள முகவரியை, பெரும்பாலும் tplinkwifi.net, அடியுங்கள். குயிக் செட்அப்பில் கிளையன்ட் என்பதைத் தேர்ந்து, உங்கள் வீட்டு வைஃபை பெயரைப் பட்டியலில் தொட்டு, கடவுச்சொல் கொடுத்து, சேமியுங்கள். அது ஒருமுறை அணைந்து எழும். எழுந்த பின் அதன் சொந்த வைஃபை பெயர் காணாமல் போய்விடும். பெட்டி செத்துவிட்டது என்று பலர் பயந்து ரீசெட் அழுத்துவது இந்த இடத்தில்தான். செத்துவிடவில்லை, கிளையன்ட் மோடில் அது தன் பெயரை ஒலிபரப்பாது, வீட்டு மோடத்தோடு மட்டும் பேசும், வெளியே கொடுப்பது லேன் துளை வழியாக மட்டுமே. லேன் கேபிளைக் கன்சோலில் சொருகி ‘யூஸ் லேன் கேபிள், ஈஸி’ கொடுத்தால் முகவரியை வீட்டு மோடத்திடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

இதன் உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது: ஐந்தடி லேன் கேபிள் போட்டால் இந்தக் காதைச் சுவருக்கு அந்தப் பக்கம், நிலைவாசலுக்கு மேலே, சிக்னல் –60 வரும் இடத்தில் தொங்கவிடலாம். பிஎஸ்4 இருந்த இடத்திலேயே இருக்கும்.

பரணில் பழைய ரூட்டர் கிடந்தால் முதலில் அதை இறக்குங்கள். டபிள்யூஆர்841என் போன்றவற்றின் பிந்தைய பதிப்புகளில் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், விஸ்ப் என்ற மோடுகள் இருக்கும். எக்ஸ்டெண்டராக வைத்து லேன் துளையில் கன்சோலை மாட்டுங்கள். விஸ்ப் கடைசித் தேர்வாக இருக்கட்டும். அது தனக்குக் கீழே இன்னொரு குட்டி நெட்வொர்க்கை உருவாக்கும். ஆட்டம் இரண்டு கதவுகளைத் தாண்டி வெளியே போக வேண்டும், நாட் வகை (வெளியுலகோடு இணைப்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு) 3 அல்லது ‘ஸ்ட்ரிக்ட்’ என்று காட்டலாம், நண்பனோடு பார்ட்டி சாட்டில் குரல் கேட்காமல் போகலாம். இரு பெட்டியும் 192.168.0.1 என்று ஒரே முகவரியில் இருந்தால் விஸ்ப் சுத்தமாகக் குழம்பிவிடும், ஒன்றை 192.168.5.1 ஆக்குங்கள். செம்புக் கம்பி காலத்து பிஎஸ்என்எல் மோடம் வைத்திருப்பவர்கள் அதில் இந்த மோடுகளைத் தேட வேண்டாம், பெரும்பாலும் இருக்காது. ஆனால் பாதித் தூரம் ஒயர் இழுக்க முடிந்தால் அது நல்ல வைஃபை கோபுரம்: அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, மற்றக் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபியை அணைத்து, மோடத்தின் லேனிலிருந்து இதன் லேனுக்குக் கேபிள் போடுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிடுவார்கள், நாளைக்கு ஒரு போனில் நெட் போகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

1300 ரூபாய் வாக்கில் விற்கும், பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர்களைப் பற்றி: ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். லேன் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, கன்சோலை அதில் மாட்டினால் இந்தப் பாதிக் கணக்கு பெரிதும் தப்பும். பிஎஸ்4 பக்கத்து பிளக்கில் சொருகாதீர்கள். செத்த சிக்னலை வாங்கிச் செத்த சிக்னலைத்தான் அது தரும். பாதி வழியில், –60 கிடைக்கும் பிளக்கில் சொருகுங்கள். மின் ஒயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் இந்தப் பட்ஜெட்டில் வராது. வந்தாலும் மூன்று ஃபேஸ் இணைப்பு, இன்வெர்ட்டர் லைன் என்று பிரிந்து கிடக்கும் வீட்டில் நம்ப முடியாது.

சும்மா கிடக்கும் லேப்டாப் இருந்தால் செலவே இல்லை. அதன் வைஃபையை வீட்டு மோடத்தோடு சேர்த்து, நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் வைஃபை மேல் வலது சொடுக்கு, பிராபர்ட்டீஸ், ஷேரிங் தாவல், முதல் கட்டத்தில் டிக், கீழே ஈதர்நெட்டைத் தேர்வு. லேப்டாப்பின் லேனிலிருந்து கன்சோலுக்குக் கேபிள். 192.168.137 என்று தொடங்கும் முகவரி கன்சோலில் வந்தால் வேலை செய்கிறது. ஆட்டம் முடியும் வரை லேப்டாப் தூங்கக் கூடாது. தினமும் செய்ய எரிச்சலான வழி, ஆனால் காசு செலவழிக்குமுன் சோதித்துப் பார்க்க நல்லது.

போன் ஹாட்ஸ்பாட்டும் அப்படித்தான். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தால் பழைய பிஎஸ்4 பிடிக்கும். ஆடுவதற்கு மணிக்கு 100 எம்பியை ஒட்டித்தான் செலவாகும், தினம் 1.5 ஜிபி திட்டமே தாங்கும். தாங்காதது டவுன்லோடு. 50 ஜிபி ஆட்டத்தை 30 எம்பிபிஎஸ் ஃபைபரில் இறக்கக் குறைந்தது மூன்றே முக்கால் மணி நேரம். வைஃபையில் நிஜமாக 20 கிடைத்தால் ஐந்தரை. போன் டேட்டாவில் அதை நினைக்கவே வேண்டாம். டிஸ்க்கில் வாங்கிய ஆட்டத்துக்கும் அப்டேட் பத்து இருபது ஜிபி கேட்கும். பவர் சேவ் செட்டிங்ஸில் ரெஸ்ட் மோடிலும் இணையத்தோடு இரு என்ற டிக்கைப் போட்டு, இரவில் இறங்க விடுங்கள்.

இணைந்தபின் ‘டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன்’ ஒருமுறை ஓட்டுங்கள். ஐபி முகவரி கட்டத்திலேயே தோற்றால் கடவுச்சொல் அல்லது சிக்னல். அதைத் தாண்டி இன்டர்நெட்டில் தோற்றால் லைன் அல்லது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது), டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று கையால் கொடுத்துப் பாருங்கள். எல்லாம் வென்று நாட் வகை 2 என்று வந்தால் போதும், 1 வர வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். 3 வந்தால் மோடத்தில் யுபிஎன்பி (ஆட்டத்துக்கு வேண்டிய வழியைத் தானாகத் திறந்துவிடும் வசதி) திறந்திருக்கிறதா பாருங்கள். திறந்தும் 3 என்றால் மோடத்தின் வான் (WAN) முகவரியை, அதாவது வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள்: 100.64-லிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்களைப் போலப் பல வீடுகளுக்குச் சேர்த்து நிறுவனம் ஒரே பொது முகவரி வைத்திருக்கிறது. யூட்யூப் பார்த்து போர்ட் ஃபார்வர்டு செய்வது அங்கே வீண். நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்குவதுதான் வழி, அதற்குக் கட்டணம் உண்டு.

‘சிங்கப்பூர் சர்வரில் பிங் 60-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது, எந்த ரூட்டர் வாங்கட்டும்’ என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர் ஓடும். போய்வரவே 29 மில்லிசெகண்ட், கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் அதற்கும் மேல். அதை எந்த ரூட்டரும் குறைக்காது. வீட்டுக்குள் நாம் குறைக்க முடிவது குதிப்பை மட்டும்தான்.

குறுவைக்குத் தண்ணீர் பாயும் மாதங்களில் பில்டர் பாயின்ட் மோட்டார்கள் ஒன்றாக ஓடி வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் மோடம் அடிக்கடி அணைந்து எழலாம். மோடத்தின் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் குறைந்த வோல்டேஜ் அதைத் தொடாது. மின்சாரம் நொடிப்பொழுது போய் வருவதுதான் காரணம். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும், ஆனால் அது தனிச் செலவு.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது லேன் கேபிளைக் கன்சோல் பக்கத்தில் பிடுங்கிவிடுங்கள், பிளக்கையும் சேர்த்து. ஃபைபரில் மின்சாரம் பாயாது, ஆனால் அதைக் கம்பத்திலிருந்து தாங்கிவரும் இரும்புக் கம்பியில் பாயும். அந்தக் கம்பியை வாசலிலேயே வெட்டி, இழை மட்டும் உள்ளே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கொட்டகை தாண்டிய தனி அறையில் கன்சோல் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்டடத்துக்கு நடுவே வானவெளியில் செம்பு லேன் இழுக்காதீர்கள். அந்தத் தூரத்துக்கு மட்டும் மேலே சொன்ன நானோ ரூட்டரை, மோடத்தைப் பார்த்த ஜன்னலில் வையுங்கள்.